என் பெயர் சிகப்பி

எங்கள் பள்ளத்தூர்ப் பக்கத்தில் அது பழைய பெயர்.
தலைமுறைக்கு ஒருத்தி வீதம்
சுற்றிச் சுற்றி வரும்.
என்மேல் வந்து விழுந்தபோது
நான் பிறந்து பதினாறு நாள்.
நிறம் இன்னும் தெளியவில்லை என்றார்களாம்.

ஏழாம் வகுப்பில்
புதிதாக வந்த கணக்கு டீச்சர்
வருகைப் பதிவேட்டிலிருந்து தலை தூக்கி
"சிகப்பி யாரு?" என்றார்.
எழுந்தேன்.
அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும்.
பதிவேட்டை ஒருமுறை பார்த்தார்,
என்னை ஒருமுறை.
அந்த இடைவெளியில்தான் வகுப்பு சிரித்தது.

பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையா அண்ணன்
உரித்த பனங்கிழங்கு நிறம்.
அவர் பெயரை யாரும்
அவரோடு ஒட்டிவைத்துப் பார்த்ததில்லை.

கல்யாண வீட்டில் பந்திக்கு முன்
என் தாடையைப் பிடித்துத் திருப்பி
"கறுப்புன்னாலும் களை" என்பார்கள்.
அந்த 'னாலும்' ஒன்றை மட்டும்
கறிவேப்பிலை போல இலையோரம் ஒதுக்கினேன்.
அடுத்த பந்தியிலும் வந்தது.

வெள்ளிக்கிழமை பயத்தமாவு.
பினாங்குச் சித்தப்பா கொண்டுவந்த களிம்பு.
உமையாள் தன் போனில் எடுத்த படத்தில்
நான் எதுவும் பூசாமலே மூன்று படி வெளுத்திருந்தேன்.
"இப்பதான்டி நீ நீ மாதிரி இருக்க" என்றாள்.
அவள் என் உயிர்த்தோழி.
பொய் சொல்ல மாட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிறு
பெரிய வீட்டுக்குப் படப்பிடிப்பு வந்தது.
அப்பச்சிக்கு அதில் எட்டில் ஒரு பங்கு,
அதனால் எனக்கு உள்ளே நிற்க உரிமை.
வெயிலில் வளர்ந்த பெண்ணின் கதையாம்.
நடிக்க வந்தவள் விமானத்தில் வந்திருந்தாள்.
வளவில் அவள் நடந்தபோது
முட்டைச்சாந்துச் சுவரே கொஞ்சம் மங்கிப்போனது.

மேக்கப்காரர் மூன்று கிண்ணம் குழைத்தார்.
எதுவும் அமையவில்லை.
சுற்றிப் பார்த்தார்.
அத்தனை கூட்டத்தில் என்னைத்தான்.
"பாப்பா, கையைக் கொடு."

மடக்கு நாற்காலியின் பிடியில் என் கையை வைத்து
சிட்டிகை சிட்டிகையாய்ச் சேர்த்தார்.
காப்பி, மஞ்சள், கடைசியில் ஒரு பொட்டு சிவப்பு.
"சிவப்பு சேராம இந்த நிறம் வராது"
என்று சொன்னார், உதவியாளரிடம்,
எனக்கில்லை.
நோட்டில் குறித்தார்: பதினேழு.

நாள் முழுக்க விளக்குகள் என் நிறத்தைப் பார்த்தன.
என் நிறத்துக்குக் குடை பிடித்தார்கள்.
என் நிறத்துக்கு இளநீர் வந்தது.
"அழகு! அழகு!" என்று டைரக்டர் கத்தினார்.
நான் மின்கம்பிகளை மிதிக்காமல்
ஓரமாய் நின்றேன்.

ஆறு மணிக்கு இரண்டாம் கட்டில்
தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து
ஈரக் காகிதத்தால் அவள் துடைத்தாள்.
ஒவ்வொன்றாய்க் கீழே விழுந்தேன்.
இருபத்திரண்டு வரை எண்ணினேன்.

அவளுக்குப் பத்தொன்பது இருக்கும்.
தேய்த்துத் தேய்த்துக் கழுத்து மடிப்பு
தடித்துப்போயிருந்தது.
கூட வந்த அம்மாள்
அவள் இடுப்பை இரண்டு விரலால் கிள்ளி அளந்து
அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள்.
இட்லித் தட்டு தொடாமல் மூடப்பட்டது.
எனக்கு அந்த மொழி தெரியாது.
ஓசை தெரியும்.
அதிலும் ஒரு 'னாலும்' இருந்திருக்கும்.

திங்கள் காலை லாரிகள் போயிருந்தன.
வெள்ளைச் சுவரில் ஒரு கைத்தடம்.
பதினேழு.
ஈரத்துணியோடு கருப்பையா அண்ணன்:
"செவத்துல கைய வைக்காதீங்க ஆச்சி,
பாருங்க, ஒட்டிருச்சு."

அதன்மேல் என் கையை வைத்துக் காட்டினேன்.
அவள் விரல்கள் நீளம்.
"என்னுது ஒட்டாதுண்ணே.
தேச்சாலும் போகாது."

வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம்.
என் வாயிலிருந்து வந்தபோது
வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது.
அண்ணன் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.
முதல் மணி கணக்கு.